தொழில் எப்படிப் போகிறது? எக்செலில் அளவீடுகளைப் பதிவதற்கும் பகிர்வதற்கும் ஒரு வழிகாட்டி

மாதக் கூட்டத்தில் "போன மாதம் எத்தனை ஆர்டர்?" என்று கேட்டால் விற்பனைப் பிரிவு ஓர் எண் சொல்லும். கணக்குப் பிரிவு வேறோர் எண் சொல்லும். டெலிவரி பார்ப்பவர் கையில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் வாடிக்கையாளர் சரி சொன்னதை எண்ணுகிறார், இன்னொருவர் பில் போட்டதை எண்ணுகிறார், மற்றவர் சரக்கு போய்ச் சேர்ந்ததை எண்ணுகிறார். பாதிக் கூட்டம் எந்த எண் சரி என்ற வாதத்திலேயே கழிந்துவிடும். ஆர்டர் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு நேரமே இருக்காது.

இதைச் சரிசெய்யத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகியவற்றில் எது கையில் இருந்தாலும் போதும். கீழே சொல்லும் முறையில் ஒரே ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: அறிக்கையில் உள்ள எந்த எண்ணைத் தொட்டுக் கேட்டாலும், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடத்தில் காட்ட முடிய வேண்டும். அப்படிக் காட்ட முடிந்தால்தான் மற்றவர்கள் அந்த எண்ணை நம்புவார்கள்.

எதை அளப்பது

ஷீட்டைத் திறக்கும் முன் ஒரு காகிதத்தை எடுங்கள். அளக்க நினைப்பதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இந்த எண் இறங்கினால் யார், என்ன செய்வார்?" என்று கேளுங்கள். பதில் வராதவற்றை அடித்துவிடுங்கள். இருபது எழுதினால் ஆறோ ஏழோ மிஞ்சும். தொடங்குவதற்கு அது தாராளம்.

மிஞ்சியவை எல்லாமே பணக் கணக்காக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். மொத்த விற்பனை, லாபம் போன்றவை நடந்து முடிந்ததைச் சொல்பவை. அவை இறங்கியது தெரியும்போது காரணம் இரண்டு மாதம் பழையதாகியிருக்கும். வந்த விசாரணைகள், அனுப்பிய கொட்டேஷன்கள், புகாருக்குப் பதில் தர ஆகும் நேரம் போன்றவை முன்கூட்டியே எச்சரிப்பவை. ராபர்ட் கப்லான், டேவிட் நார்ட்டன் இருவரும் 1992-ல் முன்வைத்த 'பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு' முறையின் அடிப்படையும் இதுதான். பணத்தோடு வாடிக்கையாளர், உள்வேலை, கற்றலும் வளர்ச்சியும் என நான்கு பக்கமும் பார்க்கச் சொன்னார்கள். சிறிய நிறுவனத்துக்கு அந்த முறை முழுவதும் தேவைப்படாது. ஆனால் நான்கு பக்கத்திலிருந்தும் குறைந்தது ஓர் அளவீடு இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பிரிட்டனின் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் சொன்ன ஒரு கருத்து இன்று அவர் பெயரிலேயே விதியாக வழங்குகிறது: ஓர் அளவீடு இலக்காக மாறிவிட்டால், அது நல்ல அளவீடாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. வாடிக்கையாளர் சேவையில் "ஓர் அழைப்பை 4 நிமிடத்தில் முடிக்க வேண்டும்" என்று இலக்கு வைத்துப் பாருங்கள், பிரச்சினை தீராமலே அழைப்புகள் முடியும். அதனால் அழுத்தம் தரக்கூடிய ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு ஜோடி வையுங்கள். அழைப்பு நேரத்தின் பக்கத்தில், அதே வாடிக்கையாளர் ஒரு வாரத்துக்குள் மீண்டும் அழைத்த எண்ணிக்கையும் இருந்தால் உண்மை தெரிந்துவிடும்.

முதல் ஷீட்: வரையறை

புதிய ஃபைலில் முதல் ஷீட்டுக்கு 'வரையறை' என்று பெயர் வையுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மொத்த ஃபைலிலும் முக்கியமான ஷீட் இதுதான். ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு வரி: பெயர், எதை எண்ணுகிறோம், எதைச் சேர்ப்பதில்லை, எங்கிருந்து எடுக்கிறோம், யார் பொறுப்பு, எப்போது புதுப்பிக்கிறோம்.

'குறித்த நாளில் டெலிவரி' என்பதை எடுத்துக்கொள்வோம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் குறித்த நாள் எது? முதலில் வாடிக்கையாளரிடம் சொன்ன தேதியா, தாமதமாகும் என்று தெரிந்தபின் மாற்றிச் சொன்ன தேதியா? மாற்றிய தேதியை வைத்துக் கணக்கிட்டால் எப்போதும் 100 சதவீதத்தை ஒட்டியே வரும். தேதியைத் தள்ளிவைத்துக்கொண்டே போகலாமே! பத்துப் பொருளில் ஒன்பது போய் ஒன்று பாக்கி என்றால் அது டெலிவரி ஆனதா, ஆகாததா? வாடிக்கையாளரே "அடுத்த வாரம் அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தால்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டால் வரையறை முடிந்தது. என் யோசனை: முதலில் சொன்ன தேதியையே வையுங்கள். வாடிக்கையாளரே கேட்டு மாற்றினால் மட்டும் புதிய தேதி. முழுதாகப் போய்ச் சேர்ந்தால்தான் டெலிவரி.

பின்னால் வரையறையை மாற்ற வேண்டி வந்தால் மாற்றலாம். எந்தத் தேதியிலிருந்து மாற்றினோம் என்று அதே வரியில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு திடீர் முன்னேற்றத்தைக் கண்டு மகிழ்வார்கள்.

இரண்டாவது ஷீட்: பதிவு

இங்கே ஒரே விதி: ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. ஓர் ஆர்டர் வந்தால் ஒரு வரி, அடுத்தது வந்தால் அடுத்த வரி. தேதி, ஆர்டர் எண், வாடிக்கையாளர், பிரிவு, தொகை, சொன்ன தேதி, போய்ச் சேர்ந்த தேதி என்று மேலே தலைப்புகள் ஒரே ஒரு வரியில் இருக்கட்டும்.

புதியவர்கள் வழக்கமாகச் செய்வது வேறு. ஜனவரிக்கு ஒரு நெடுவரிசை, பிப்ரவரிக்கு ஒன்று என்று குறுக்கே விரித்து, நடுநடுவே கூட்டுத்தொகை வரிகளைச் செருகி, அழகுக்காகக் கட்டங்களை ஒன்றாக இணைத்து வைப்பார்கள். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஃபில்டர், சார்ட், பிவட் (பதிவுகளைத் தொகுத்துக் கூட்டித் தரும் வசதி) எதுவும் அதில் ஒழுங்காக வேலை செய்யாது. அழகெல்லாம் கடைசி ஷீட்டில் பார்த்துக்கொள்ளலாம். பதிவு ஷீட்டில் இணைத்த கட்டமும் வேண்டாம், காலி வரியும் வேண்டாம், கூட்டுத்தொகையும் வேண்டாம்.

தலைப்பு வரியையும் இரண்டு மூன்று பதிவுகளையும் போட்டதும், எக்செலில் அவற்றுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோல் விசையோடு டி-யை (T) அழுத்துங்கள். அந்தப் பகுதி ஒரு 'டேபிள்' ஆகிவிடும். கீழே புதிய வரி சேர்த்தால் டேபிள் தானாக நீளும். அதன் பெயரைக் காட்டி எழுதிய ஃபார்முலாக்களும் புதிய வரியைச் சேர்த்துக்கொள்ளும். டேபிள் இல்லாமல் "இந்த வரியிலிருந்து இந்த வரி வரை" என்று கையால் குறித்தால், ஒருநாள் சில வரிகள் வெளியே நின்றுவிடும், எக்செல் ஒரு வார்த்தை சொல்லாது. இது சின்னத் தவறு என்று நினைக்க வேண்டாம். பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-ல் அரசுக் கடன் பற்றி வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் எக்செல் ஃபைலில் சராசரி ஃபார்முலா ஐந்து நாடுகளின் வரிகளை விட்டுவிட்டிருந்தது. 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் மூல ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது.

அப்புறம் தேதி. எக்செல் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1-க்கு எண் 1. அதனால்தான் இரண்டு தேதிகளைக் கழித்தால் இடையில் உள்ள நாட்கள் கிடைக்கின்றன. வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது சிக்கல் வரும். உங்கள் கணினி மாதத்தை முன்னால் வைக்கும் அமைப்பில் இருந்து, ஒட்டும் தேதி நாளை முன்னால் வைத்திருந்தால், 03/04 என்பது ஏப்ரல் 3-க்குப் பதில் மார்ச் 4 ஆகிவிடும், சத்தமே இருக்காது. 25/04 போன்றவை மட்டும் தேதியாக ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உண்மையான தேதியும் எண்ணும் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். ஒரு தேதி நெடுவரிசையில் சில இடதும் சில வலதுமாக இருந்தால் இடதில் உள்ளவை மட்டுமல்ல, வலதில் உள்ளவையும் சந்தேகத்துக்குரியவை. மொத்தத்தையும் சரியான அமைப்பில் மீண்டும் ஏற்றுங்கள்.

பிரிவு, நிலை போன்ற நெடுவரிசைகளில் கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள். 'டேட்டா வேலிடேஷன்' வழியாக ஒரு பட்டியல் வைத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். 'முடிந்தது', 'முடிந்து விட்டது', கடைசியில் ஒரு இடைவெளியோடு 'முடிந்தது ' என மூன்று விதமாக எழுதினால் மென்பொருளுக்கு அவை மூன்று தனித்தனி நிலைகள்.

இடத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் வேண்டாம். எக்செலின் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகள் உண்டு. கூகுள் ஷீட்ஸ் ஒரு ஃபைலுக்கு 1 கோடி கட்டங்கள் வரை தாங்கும். ஆனால் 'எக்ஸ்எல்எஸ்' என்று முடியும் பழைய வகை ஃபைல் யாரிடமாவது இருந்தால் புதிய வகைக்கு மாற்றிவிடுங்கள், அதில் 65,536 வரிகள்தான். 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா தொற்றுப் பதிவுகள் ஏறத்தாழ 16,000 தேசியக் கணக்கில் சேராமல் நழுவியதற்குக் காரணம் இந்தப் பழைய வகையின் எல்லைதான்.

மூன்றாவது ஷீட்: கணக்கு

பதிவு ஷீட்டைத் தொடாமல், கணக்கையெல்லாம் இங்கே போடுங்கள். இடப்பக்கம் மாதங்கள் கீழ்நோக்கி, மேலே அளவீடுகள் குறுக்கே. தொகையைக் கூட்ட 'சம்இஃப்ஸ்', எண்ணிக்கைக்கு 'கவுன்ட்இஃப்ஸ்' என்ற இரண்டு ஃபார்முலாக்களே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். இரண்டும் "இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் எடு" என்று சொல்பவை.

மாதத்தைக் குறிக்க, 'ஜனவரி' என்று எழுதாமல் அந்த மாதத்தின் 1-ஆம் தேதியைப் போட்டு, மாதப் பெயராகத் தெரியும்படி வடிவத்தை மட்டும் மாற்றுங்கள். நிபந்தனையை "மாதத்தின் 1-ஆம் தேதிக்குச் சமம் அல்லது பெரிது, அடுத்த மாத 1-ஆம் தேதியைவிடச் சிறிது" என்று வையுங்கள். "31-ஆம் தேதிக்குச் சமம் அல்லது சிறிது" என்று வைத்தால் ஒரு பள்ளம் இருக்கிறது. பதிவில் தேதியோடு நேரமும் இருந்தால், 31 பிற்பகல் 3 மணி என்பது எக்செலுக்கு 31-ஐவிடப் பெரிய எண். கடைசி நாள் ஆர்டர்கள் முழுவதும் காணாமல் போகும். பல இடங்களில் மாதக் கடைசியில்தான் ஆர்டர் அதிகம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சதவீதத்தில் கவனம் தேவை. ஒரு குழுவுக்கு 10 விசாரணை வந்து 5 ஆர்டரானது, 50 சதவீதம். இன்னொரு குழுவுக்கு 90 விசாரணை வந்து 9 ஆர்டரானது, 10 சதவீதம். நிறுவனத்தின் மொத்த விகிதம் என்ன? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 30 என்று போடுபவர்கள் நிறையப் பேர். உண்மையில் 100 விசாரணைக்கு 14 ஆர்டர், அதாவது 14 சதவீதம். சதவீதங்களுக்குச் சராசரி எடுக்கவே எடுக்காதீர்கள். மேலே உள்ளதை (ஆர்டர்) தனியாகக் கூட்டி, கீழே உள்ளதை (விசாரணை) தனியாகக் கூட்டி, கடைசியில் வகுங்கள். அதற்காகவே கணக்கு ஷீட்டில் விசாரணை, ஆர்டர் இரண்டுக்கும் தனி நெடுவரிசை வைத்து, மூன்றாவதில் விகிதம் வையுங்கள்.

பூஜ்யமும் காலியும் ஒன்றல்ல. புகார் எதுவும் வரவில்லை என்றால் 0. யாரும் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்றால் காலி. பிழைச் செய்தியை மறைக்க 'இஃப்எரர்' போட்டு எல்லா இடத்திலும் 0 வரவைத்தால் இந்த வேறுபாடு அழிந்துவிடும். அந்த இடத்தில் கோடு ஒன்று வரட்டும்.

ஃபார்முலா எழுதத் தயக்கமாக இருந்தால் பிவட் டேபிள் இருக்கிறது. டேபிளுக்குள் நின்று 'இன்சர்ட்' மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து, தேதியை வரிப்பக்கமும் தொகையை மதிப்புப்பக்கமும் இழுத்துவிட்டால் போதும். எக்செலின் பல பதிப்புகளில் பதிவு மாறினாலும் பிவட் தானாக மாறாது, 'ரிஃப்ரெஷ்' கொடுக்க வேண்டும். ஃபைல் திறக்கும்போதே புதுப்பிக்கும்படி அதன் ஆப்ஷன்களில் ஒரு முறை டிக் போட்டு வைத்துவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

நான்காவது ஷீட்: பார்வை

மற்றவர்கள் பார்க்கப்போவது இந்த ஒரு பக்கத்தைத்தான். ஒவ்வோர் அளவீட்டுக்கும் இந்த மாதம், போன மாதம், போன ஆண்டு இதே மாதம், இலக்கு என்று நான்கு எண்கள் வையுங்கள். தனியாக நிற்கும் எண் எதையும் சொல்லாது. பண்டிகை, விடுமுறை, பருவம் இவற்றால் மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் இருக்கும் தொழிலில், போன மாதத்தைவிடப் போன ஆண்டு இதே மாதம்தான் நியாயமான ஒப்பீடு.

சார்ட் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். காலப்போக்கைக் காட்டக் கோடு, பிரிவுகளை ஒப்பிடப் பட்டை. பட்டைச் சார்ட்டின் அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும், இல்லையென்றால் 2 சதவீத வித்தியாசம் இரண்டு மடங்குபோலத் தெரியும். முப்பரிமாண வகைகளைத் தொடவே வேண்டாம். சிவப்பு, பச்சை மட்டும் போட்டால் சிலருக்கு வித்தியாசம் தெரியாது, பக்கத்தில் மேல், கீழ் அம்புக்குறியும் வையுங்கள்.

சார்ட்டுக்குக் கீழே 'குறிப்பு' என்று ஓர் இடம் விடுங்கள். "மே மாதம் விலை மாற்றினோம்", "ஜூலையில் பத்து நாள் இயந்திரம் நின்றது" என்பவை அங்கே வரட்டும். ஓர் ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு சார்ட்டைவிட இந்தக் குறிப்புகள்தான் உதவும்.

பகிர்வது

ஃபைலை மெயிலில் இணைத்து அனுப்பினால் அன்றே அதற்கு ஐந்து பிரதிகள் பிறந்துவிடும். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் திருத்தியது' எல்லாம் அப்படி வந்தவைதான். ஃபைலை ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வைத்து இணைப்பை மட்டும் அனுப்புங்கள். பதிவு செய்பவருக்கு மட்டும் திருத்தும் உரிமை, பிரிவுத் தலைவர்களுக்குக் கருத்து எழுதும் உரிமை, மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை. "இணைப்பு வைத்திருக்கும் யாரும்" என்ற தேர்வைத் தவிர்த்து, பெயர் குறிப்பிட்டே அனுமதி கொடுங்கள்.

ஒரே ஃபைலைப் பலர் திறந்திருக்கும்போது ஒருவர் ஃபில்டர் போட்டால் எல்லார் திரையிலும் வரிகள் மறையும். "யாரோ டேட்டாவை அழித்துவிட்டார்கள்" என்ற பதற்றம் பெரும்பாலும் இதனால்தான். கூகுள் ஷீட்ஸில் 'ஃபில்டர் வியூ', எக்செலில் 'ஷீட் வியூ' பயன்படுத்தச் சொல்லுங்கள், அவரவர் ஃபில்டர் அவரவருக்கு மட்டும் தெரியும். உண்மையிலேயே ஏதாவது அழிந்துபோனாலும் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

நிறுவனத்துக்கு வெளியே அனுப்பும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மறைத்து வைத்த ஷீட்டை யார் வேண்டுமானாலும் இரண்டு கிளிக்கில் வெளிக்கொண்டு வரலாம். ஷீட்டுக்குப் போடும் பாதுகாப்பு, தெரியாமல் கை பட்டு அழியாமல் இருக்கத்தானே தவிர ரகசியத்தைக் காக்க அல்ல. இதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று: பதிவு ஷீட்டை அழித்துவிட்டு பிவட்டை மட்டும் வைத்து அனுப்பினாலும், அந்தப் பிவட் தனக்குள் மூலத் தரவின் பிரதியை வைத்திருக்கும். பெறுபவர் ஒரு கூட்டுத்தொகையின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால், அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு வரியும், வாடிக்கையாளர் பெயரோடு, புதிய ஷீட்டில் வந்து விழும். பவர்பாயின்ட்டில் சார்ட்டை ஒட்டும்போது 'எம்பெட்' என்ற தேர்வைக் கொடுத்தாலும் இதே கதை, முழு ஃபைலும் உள்ளே போய்விடும். வெளியாருக்குப் பிடிஎஃப், அல்லது படமாக ஒட்டிய சார்ட். வேறு எதுவும் வேண்டாம். உள்ளே நடக்கும் கூட்டத்துக்கு மட்டும் 'லிங்க் டேட்டா' முறையில் ஒட்டினால் எக்செலில் எண் மாறும்போது ஸ்லைடிலும் புதுப்பிக்கலாம்.

இணைப்பை அனுப்பினால் மட்டும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். கூடவே நான்கு வரி எழுதுங்கள், இப்படி:

"இந்த வாரம் 43 ஆர்டர் டெலிவரி ஆக வேண்டியிருந்தது. 34 குறித்த நாளில் போயின, 79%. போன வாரம் 88%. தாமதமான 9-ல் 7 ஒரே சப்ளையரின் பொருளுக்காகக் காத்திருந்தவை. மாற்றுச் சப்ளையரிடம் விலை கேட்டிருக்கிறோம், வியாழக்கிழமைக்குள் முடிவு எடுக்க வேண்டும்."

எண், ஒப்பீடு, காரணம், அடுத்த வேலை என நான்கும் இதில் இருக்கின்றன. எண் மோசமாக இருக்கும் வாரத்தில் இதை அனுப்பத் தயக்கம் வரும். அந்த வாரம்தான் கட்டாயம் அனுப்ப வேண்டும். நல்ல வாரம் மட்டும் வரும் அறிக்கையை யாரும் நம்புவதில்லை.

நடைமுறையில் ஓட்டுவது

மாதக் கணக்கை எந்தத் தேதியில் பூட்டுவது என்று முடிவு செய்யுங்கள். உதாரணமாக, அடுத்த மாதம் 5-ஆம் தேதி மாலை. அதுவரை வந்த பதிவுகளை வைத்துப் பார்வை ஷீட்டைப் பிடிஎஃப்பாகச் சேமித்து, மாதப் பெயரோடு ஒரு ஃபோல்டரில் போடுங்கள். பூட்டியபின் தவறு தெரிந்தால் பதிவில் திருத்துங்கள், ஆனால் குறிப்பில் "மார்ச் ஆர்டர் 212 என்பது 209 ஆனது, ரத்தான மூன்றைக் கழிக்க விட்டுப்போயிருந்தது" என்று எழுதுங்கள். காரணம் எழுதிவைத்த திருத்தத்தை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் மாதம் ஆறு அளவீடுகளையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். இரண்டை எடுத்து நான்கு ஷீட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். பதிவு செய்பவருக்கு ஒரு வரிக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் நெடுவரிசைகளைக் குறையுங்கள். மூன்றாவது மாதம் மற்றவற்றைச் சேர்க்கலாம். எல்லாம் ஓடத் தொடங்கியபின், பொறுப்பாளர் விடுப்பில் போனால் யார் பதிவார் என்பதையும் வரையறை ஷீட்டில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து, அந்த மாற்று ஆளை ஒரு மாதக் கணக்கை முழுதாக முடிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தில் வரையறையில் இன்னும் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டியிருக்கிறது.